வாரம் ஒரு பைண்ட்

டூனகில்லில் வருஷத்துக்கு இருநூறு நாள் மழை பெய்யும். மிச்ச நாளில் பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருக்கும். அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், கடலுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு கிடக்கிற ஊர். அங்கே எல்லோரும் பால் நிறம்; கன்னம் மட்டும் காற்றில் சிவந்திருக்கும். தபால்காரர் மலக்கி டர்க்கன் ஒருவர்தான் பழுப்பு. ஐம்பத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகாதவர், முப்பத்தைந்து வருஷமாக அதே தெருக்களில் அதே வீடுகளுக்குத் தபால். ஜனவரி மாசத்தில்கூட வெயிலில் ஒரு வாரம் படுத்து எழுந்து வந்தவர் மாதிரி முகம் வைத்திருப்பார்.

“என்ன மலக்கி, ஸ்பெயின்ல வெயில் எப்படி?” என்று கடைக்காரி கன்செப்டா தினமும் கேட்பாள். பத்து வருஷமாக அதே கேள்வி, அதே சிரிப்பு.

“நல்லாத்தான் இருக்கு. அங்கயும் ஒரு கன்செப்டா கடை வச்சிருக்கா. ஆனா அவளுக்கு வாய் கொஞ்சம் சின்னது.”

உண்மையில் மலக்கி டப்ளினைத் தாண்டியது கிடையாது. டப்ளினுக்கும் ஒரே ஒரு தடவைதான் போனார், அதுவும் பேட்ஜ்காரர்கள் கூட்டத்துக்கு. குடிக்க மாட்டேன் என்று ஆண்டவர் பேரில் வாக்குக் கொடுத்தவர்கள் அந்த ஊரில் கோட்டுக் காலரில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், நடுவில் இயேசுவின் திரு இருதயம். உறுதிபூசுதல் என்கிற கோயில் சடங்கு அன்றைக்குப் பன்னிரண்டு வயசில் எல்லாப் பிள்ளைகளும் வாக்குக் கொடுக்கும். பதினெட்டாவது பிறந்தநாளில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். மலக்கி மறக்கவில்லை. நாலு மதுக்கடை இருக்கிற ஊரில் நாலுக்குள்ளும் அவர் தபால் கொடுக்க மட்டுமே நுழைந்தார். கல்யாண வீட்டில் ஆரஞ்சு சாறு. சாவு வீட்டில் தேநீர்.

அதற்கு அவர் கொடுத்த விலை என்னவென்று யாரும் கேட்டதில்லை, நான் சொல்கிறேன். அந்த ஊரில் குடிக்காதவனுக்குச் சாயங்காலம் கிடையாது. பேச்சு, பாட்டு, சண்டை, சமாதானம், பெண் பார்ப்பது, மாடு விற்பது எல்லாம் மதுக்கடையில்தான் நடக்கும். மலக்கி ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வானொலி கேட்பார். கடைசி வீடு அவருடையது. அதற்கு அப்புறம் கடல். இப்படி இருப்பதற்கு அவருக்கு ஒரு கைப்பிடி வேண்டியிருந்தது, அந்தக் கைப்பிடிதான் பேட்ஜ். அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

நாற்பத்தைந்து வயசிலிருந்தே அவருக்கு அசதி. கடிதம் பிரிக்கும்போது வலது கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் முட்டி வலிக்கும். வேனில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். அசதி என்றால் அந்த ஊரில் ஒரே மருந்துதான்: இரும்பு டானிக். அவருடைய அம்மா இருந்தவரை அதைத்தான் கொடுத்தாள். அவள் போனபிறகு அவரே கன்செப்டா கடையில் வாங்கி, காலையில் ஒரு கரண்டி, படுக்கும் முன் ஒரு கரண்டி என்று விடாமல் குடித்தார். கார் ஆலையில் வேலை பார்க்க இங்கிலாந்துக்கு, கோவென்ட்ரிக்குப் போன தம்பி கோல்மனும் அசதி என்று எழுதியதிலிருந்து, அம்மா மாசம் ஒரு பாட்டில் துணியில் சுற்றிக் கொடுப்பாள். மலக்கிதான் முத்திரை குத்தி அனுப்பி வைப்பார்.

2002 வசந்தத்தில் ஒருநாள், மலைமேல் உள்ள வீட்டுக்கு ஏறும்போது மலக்கி மயங்கி விழுந்தார். டாக்டர் டோலன் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

“ஈரல் கெட்டிருக்கு, மலக்கி. எவ்வளவு எடுத்துக்கிற?”

“என்னத்த எடுத்துக்கிறேன்?”

“நான் சாமியார் இல்லப்பா. எங்கிட்ட சொல்லலாம்.”

“டாக்டர், நான் தொடறதில்ல. உங்களுக்குத் தெரியாதா?”

டோலன் அவருடைய பேட்ஜைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. முப்பது வருஷமாக அந்த ஊர் ஈரல்களைப் பார்த்து அலுத்துப்போனவர். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கொறச்சுக்க, அவ்வளவுதான்” என்று தோளில் தட்டி அனுப்பினார். அந்தச் சிரிப்புதான் மலக்கியை உயிரோடு கொன்றது.

டோலனிடம் சீட்டு எழுதுகிற பெண் கன்செப்டாவின் நாத்தனார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நாலு மதுக்கடைக்கும் செய்தி போய்விட்டது. வேனில் வைத்துக் குடிக்கிறாராம். தபால் பைக்குள் பாட்டிலாம். மலையில் விழுந்தது மயக்கமில்லையாம், போதையாம். தனியாக இருக்கிற மனிதன் என்ன செய்கிறான் என்று யார் கண்டது? வெளிப்படையாகக் குடித்து ரோட்டில் விழுகிறவனை அந்த ஊர் மன்னித்துவிடும், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போர்வையும் போர்த்தும். பேட்ஜ் குத்திக்கொண்டு குடிக்கிறவனுக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது.

ஒரு மாசம் கழித்து ஃபெஸ்டஸ் ரட்டி வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், கோயில் பங்கில் பேட்ஜ்காரர்களுக்குத் தலைவர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“ஜூன் ஊர்வலத்துல கொடி பிடிக்கிறதுக்கு… இந்த வருஷம் வேற யாரையாவது பாத்துக்கலாமான்னு. உனக்கும் உடம்பு சரியில்ல.”

“இருபத்தி ரெண்டு வருஷமா நான்தான் பிடிக்கிறேன்.”

“அதுதான். உனக்கும் கொஞ்சம் ஓய்வு.”

“வாத்தியாரே, நீங்களும் நம்புறீங்களா?”

ஃபெஸ்டஸ் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “நம்புறது நம்பாதது என் கையில இல்ல மலக்கி. ஈரல்னு ஒண்ணு இருக்கில்ல.”

கதவைச் சாத்திவிட்டு மலக்கி அடுப்பங்கரையில் உட்கார்ந்தார். அந்தப் பேச்சை அவர் முன்னமே கேட்டிருந்தார். சொன்னதே அவர்தான்.

அது 1991. அம்மா செத்து, வீட்டு நடுக்கூடத்தில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஊரே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. கோவென்ட்ரியிலிருந்து கோல்மன் வந்து இறங்கினான். பதிமூன்று வருஷத்தில் அதுதான் முதல் வரவு. நாற்பத்து மூன்று வயசுக்குள் கிழவனாகியிருந்தான். முகம் பழுப்பு, கண் மஞ்சள், வயிறு கோட்டுப் பொத்தானைத் தள்ளிக்கொண்டிருந்தது. காலரில் பேட்ஜ். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன், ஜெபமாலை நடக்கும்போதே தூங்கிப்போனான். கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. பின்னால் யாரோ, “கோவென்ட்ரியில தண்ணி மலிவு போல” என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மலக்கி எழுந்து போய், எல்லோரும் பார்க்கத் தம்பியின் காலரிலிருந்து பேட்ஜைக் கழற்றினார்.

“இதக் குத்திக்கிட்டு அம்மா முன்னாடி உக்காராத.”

“அண்ணே, நான் தொடறதில்லண்ணே. சத்தியமா.”

“ஈரல் கெட்டுப்போச்சுன்னு நீயே எழுதின. ஈரல் என்ன காத்துல கெடுமா? வாய் சொல்றத நம்பறதா, ஈரல் சொல்றத நம்பறதா?”

கோல்மன் குனிந்து உடைந்த கோப்பையின் சில்லுகளைப் பொறுக்கினான். மறுநாள் அடக்கம் முடிந்ததும் கல்லறை வாசலிலிருந்தே பேருந்து ஏறிவிட்டான். நாலு வருஷம் கழித்து அவன் செத்த செய்தி வந்தது. ஈரல். மலக்கி ஒரு பூசைக்குச் சொன்னார். அடக்கத்துக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம், “குடி கொன்னுடுச்சு” என்றார்.

கோல்மனின் பேட்ஜ் அலமாரியில் ஒரு கோப்பைக்குள் கிடந்தது. 1998 கோடையில், அடுப்பெரிக்கச் சதுப்பில் மண்கட்டி வெட்டப் போனபோது மலக்கியின் பேட்ஜ் எங்கேயோ விழுந்துவிட்டது. சிக்கனமான மனிதர், கோப்பைக்குள் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று எடுத்துக் குத்திக்கொண்டார். அதிலிருந்து அதுதான் அவர் காலரில் இருந்தது. யாருடையது என்று அதற்கப்புறம் அவர் யோசிக்கவே இல்லை. பேட்ஜ் எல்லாம் ஒரே மாதிரிதானே.

2003 ஜூலையில் டாக்டர் டோலன் இடுப்பு எலும்பு அறுவைக்குப் போனார். மூன்று மாசத்துக்கு அவர் இடத்தில் ஈமர் கில்டே என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயசு இருக்கும். மலக்கி மருந்துச் சீட்டு வாங்கத்தான் போனார். அவள் எழுந்து கை குலுக்கினாள், வலியில் அவர் முகம் சுளித்தார். கையை விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டு முட்டிகளை மெதுவாக அழுத்தினாள்.

“இந்த ரெண்டும்தானே வலிக்குது? மத்ததெல்லாம் பரவாயில்லையா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எத்தன வருஷமா இந்த நிறத்துல இருக்கீங்க மிஸ்டர் டர்க்கன்?”

“பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஸ்பெயின்னு கேலி பண்ணுவாங்க.”

“குடிப்பீங்களா?”

“இல்ல.”

“சரி” என்று அவள் தாளில் ‘இல்லை’ என்று எழுதினாள்.

அவ்வளவுதான். சிரிக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவில்லை, எழுதினாள். மலக்கி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு மாசத்தில் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்ட முதல் ஆள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சளி பிடித்திருக்கிறது என்று கைக்குட்டையை எடுத்தார்.

ரத்தத்தில் அவள் இரண்டு கணக்குப் பார்த்தாள். உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பு ஒன்று. ஆண்களுக்கு முந்நூறு வரை இருக்கலாம், மலக்கிக்கு நாலாயிரத்து நூறு. இன்னொன்று, ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகிற வண்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று. பாதிக்குக் கீழே இருக்க வேண்டியது, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு நிரம்பியிருந்தது. பிறகு இன்னொரு குழாய் ரத்தம் எடுத்து ஜீன் சோதனைக்கு டப்ளினுக்கு அனுப்பினாள். அந்தப் பொட்டலத்தையும் மலக்கிதான் அடுத்த நாள் பைக்குள் போட்டு எடுத்துப் போனார். முடிவு வர ஐந்து வாரம் ஆயிற்று.

“ஹீமோகுரோமடோசிஸ்” என்றாள். “பேரை விடுங்க, பெருசா இருக்கு. சாப்பாட்டுல இருக்கிற இரும்ப உடம்பு வேணுங்கிற அளவுதான் எடுத்துக்கும். போதும்னா கதவச் சாத்திடும். சாத்தச் சொல்லி உத்தரவு போடுற ஜீன் ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அதுல ஒரு எழுத்து மாறியிருக்கு.”

“ஒரு எழுத்தா?”

“ஒரே எழுத்து.”

மலக்கிக்கு அது உடனே புரிந்தது. ஒரு எழுத்து மாறினால் கடிதம் வேறு வீட்டுக்குப் போகும். இவர் மாதிரி ஆள் இருந்தால் திருத்திக் கொண்டு சேர்ப்பார். உள்ளே அப்படி ஆள் இல்லை போலிருக்கிறது.

“கதவு சாத்தவே இல்ல. ஐம்பத்தெட்டு வருஷமா இரும்பு வந்துக்கிட்டே இருக்கு, வெளிய போக வழி இல்ல. ஈரல்ல சேருது, முட்டியில சேருது, தோல்ல சேருது. ஸ்பெயின் உங்களுக்குள்ளயே இருக்கு.”

“அப்ப அந்த டானிக்…”

“என்ன டானிக்?”

அவர் சொன்னார். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “இன்னைக்கே சாக்கடையில ஊத்திடுங்க” என்றாள். பிறகு, ஈரலில் விழுந்த தழும்பு மறையாது, ஆனால் மேலே பரவாமல் நிறுத்தலாம் என்றாள். வைத்தியம் ரொம்பப் பழைய காலத்து வைத்தியம்: ரத்தத்தை எடுத்துவிடுவது. உடம்பு புது ரத்தம் செய்யச் சேர்த்து வைத்த இரும்பைச் செலவழிக்கும். “வாரம் ஒரு பைண்ட்.”

பைண்ட் என்பது சுமார் அரை லிட்டர் வருகிற ஓர் அளவு; டூனகில்லில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மதுக்கடையில் நுரை பொங்க வைக்கிற கறுப்பு பியர். மலக்கி சிரித்துவிட்டார். “வாழ்நாள்ல ஒரு பைண்ட் வாங்காதவன், இப்ப வாரா வாரம் ஒண்ணு குடுக்கணுமா?”

அவளும் சிரித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். “இது ஒருத்தர்கிட்டேருந்து வந்தா போதாது. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டும் சேரணும். ஒண்ணு மட்டும் வச்சிருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இந்த நாட்டுல அஞ்சு பேருக்கு ஒருத்தர் அப்படித்தான் தெரியாமலே நடமாடுறாங்க. ஆனா கூடப் பொறந்தவங்களுக்கு நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு யாராவது?”

“ஒரு தம்பி. செத்துட்டான். எட்டு வருஷம் ஆச்சு.”

“எதனால?”

“குடி” என்றார் மலக்கி.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. ஈமர் எழுதவில்லை. பேனா அப்படியே நின்றது.

“அவர் குடிச்சத நீங்க பாத்தீங்களா?”

மலக்கி யோசித்தார். சிறு வயசில், இளவட்டத்தில், அம்மா சாவில், எங்காவது, ஒரு தடவையாவது. “இல்ல” என்றார். “பழுப்பா இருந்தான். உக்காந்த இடத்துலயே தூங்கிடுவான். தொடறதில்லன்னு சத்தியம் பண்ணினான்.” தரையைப் பார்த்தார். “நான்தான் நம்பல.”

அவள் ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு மலக்கி நன்றியோடு இருந்தார். “அவருக்குப் பிள்ளைங்க?”

“ஒரு பொண்ணு. ஃபினோலா. இருபத்தேழு இருக்கும்.”

“அந்தப் பொண்ணோட அம்மா எந்த ஊர்?”

“லீட்ரிம். நம்ம பக்கம்தான்.”

“அப்ப அம்மா பக்கத்துலயும் ஒண்ணு இருக்கலாம். அந்தப் பொண்ணு சீக்கிரம் சோதிச்சுக்கணும். இந்த வயசுல பிடிச்சா ஒண்ணும் ஆகாது. விட்டா, உங்க தம்பி மாதிரி.” ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்தாள். எந்த ஜீன், எந்த எழுத்து, என்னென்ன சோதனை எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரியில், இவருடைய கல்லீரல் நோய்க்கும் மதுவுக்கும் சம்பந்தம் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கடைசி வரியை மலக்கி வேனில் உட்கார்ந்து ஆறு தடவை படித்தார். பொய் சொல்வானேன், முதலில் அவருக்கு ஃபினோலா ஞாபகம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஃபெஸ்டஸ் மூக்குக்கு நேரே இந்தத் தாளை விரிப்பதுதான் கண்முன் நின்றது. கன்செப்டா உரக்கப் படிக்கட்டும். அடுத்த ஜூனில் கொடி யார் கையில் என்று பார்ப்போம்.

சனிக்கிழமை மத்தியானம் கோட்டை மாட்டிக்கொண்டு, தலையையும் சீவிக்கொண்டு, தொலைபேசி முன் உட்கார்ந்தார். அம்மாவின் நோட்டில் கோவென்ட்ரி எண் இருந்தது. சொல்ல வேண்டியதை ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார்.

“நான் மலக்கி டர்க்கன் பேசறேன். டூனகில்லேருந்து.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

“அப்பாவோட அண்ணனா?”

“ஆமாம்மா. ஃபினோலாவா?”

“எட்டு வருஷம் கழிச்சுத் துக்கம் விசாரிக்கக் கூப்பிடுறீங்களா, மிஸ்டர் டர்க்கன்?”

மலக்கி உறையைப் பார்த்துப் படித்தார். இரும்பு, ஜீன், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. கடிதம் படிக்கத் தெரியாத கிழவிகளுக்குப் படித்துக் காட்டுகிற அதே குரல் அவருக்கு வந்தது. அவள் இடையில் நிறுத்தினாள்.

“இருங்க. எங்கப்பா குடிக்கலன்னு சொல்றீங்களா?”

“குடிக்கல.”

“அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவே நம்பல. எங்க ஒளிச்சு வச்சிருக்காருன்னு வீட்டையே தலைகீழாக் கவுத்துப் போட்டாங்க. கெடச்சது பாட்டி அனுப்பின டானிக் பாட்டில்தான். காலிப் பாட்டிலக்கூட அவர் தூக்கிப் போடல. வரிசையா வச்சிருந்தாரு, வீட்டு ஞாபகம்னு.”

மலக்கி உறையைக் கீழே வைத்தார். அந்தப் பாட்டில்கள் போன பொட்டலங்களின் மேல் இருந்த முத்திரை அவர் குத்தியது.

“கடைசி வாரம் ஆஸ்பத்திரியில கோட்டக் கேட்டாரு. கொண்டு போய்க் குடுத்தேன். போட்டுக்கல. மடியில வச்சுக் காலரத் தடவிக்கிட்டே இருந்தாரு. ‘பேட்ஜ் அண்ணன்கிட்ட இருக்கு, கேட்டு வாங்கிக்கம்மா’ன்னாரு. நான் கேக்கல. உங்ககிட்ட என்னத்தக் கேக்கிறது?”

மலக்கியின் கை தானாகக் காலருக்குப் போனது. அங்கே அது இருந்தது. ஐந்து வருஷமாக அங்கேதான் இருந்தது.

“அது… இங்கதான் இருக்கு” என்றார்.

“அப்ப அனுப்பி வைங்க.”

“அனுப்பறேன். ஃபினோலா, அந்த ரத்தச் சோதனை மட்டும்…”

இணைப்பு அறுந்துவிட்டது.

மலக்கி மறுபடி கூப்பிடவில்லை. பேட்ஜைக் கழற்றினார். கோட்டில் அது இருந்த இடத்தில் வட்டமாக, கறுப்பாக, சாயம் போகாத துணி தெரிந்தது. சுற்றியுள்ள துணியெல்லாம் மழையிலும் வெயிலிலும் வெளுத்திருந்தது. பேட்ஜைப் பஞ்சில் சுற்றினார். தான் சொன்னால் அவள் நம்பமாட்டாள், டாக்டர் சொன்னால் ஒருவேளை நம்புவாள். ஈமரின் கடிதத்தையும் மடித்து உள்ளே வைத்தார். பிரதி எடுக்க நினைத்தார்; பிரதி எடுக்கிற மெஷின் கன்செப்டா கடையில்தான் இருக்கிறது, கடை சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடும், கோவென்ட்ரிக்குத் தபால் இரண்டு மணிக்குப் போகிறது. யோசித்துக்கொண்டு நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை. பதிவுத் தபாலாக ஒட்டி, தானே முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை வெறும் காலரோடு பூசைக்குப் போனார். நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோது தலைகள் திரும்பின. வாசலில் ஃபெஸ்டஸ் நின்றிருந்தார். பக்கத்தில் கன்செப்டா, அவள் நாத்தனார், இன்னும் பத்துப் பேர்.

“பேட்ஜ் எங்க மலக்கி?” ஃபெஸ்டஸ் நல்லவிதமாகத்தான் கேட்டார். ஒருவன் கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டான் என்றால் வருகிற இரக்கம் அவர் குரலில் இருந்தது.

“அது என்னுது இல்ல, வாத்தியாரே. கோல்மனோடது. அனுப்பிட்டேன்.”

“செத்தவனுக்கா?”

“அவன் குடிக்கல.” மலக்கி கொஞ்சம் உரக்கவே சொன்னார். “எங்கம்மா பொணத்து முன்னாடி அவனக் குடிகாரன்னு சொன்னேன். நீங்கல்லாம் இருந்தீங்க. அதே வாயால சொல்றேன், எந்தம்பி ஒரு சொட்டுக் குடிக்கல. எங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இரும்பு அதிகம். என் ரத்தத்த டப்ளின்ல சோதிச்சுச் சொல்லிட்டாங்க. விரல் முட்டி வலிக்குது, அசதியா இருக்குன்னு உங்கள்ல யார் இருந்தாலும் போய் இரும்பு எவ்வளவுன்னு பாருங்க. டானிக் குடிக்காதீங்க.”

“அதுக்குக் கடுதாசி ஏதாவது இருக்கா?” என்று கன்செப்டா கேட்டாள்.

“இருந்துச்சு. அதையும் அனுப்பிட்டேன்.”

யாரோ தொண்டையைச் செருமினார்கள். மலக்கி தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஊர் அதைத் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டது. பேட்ஜைக் கழற்றிவிட்டார், இனிமேல் மறைக்கப் போவதில்லை, செத்த தம்பியை வேறு துணைக்கு இழுக்கிறார். வியாழக்கிழமை தோறும் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பைண்ட் கொடுக்கிறார் என்று தெரிந்ததும் மதுக்கடைகளில் கொண்டாட்டம். “குடிச்சத வாரா வாரம் திருப்பிக் குடுக்கிறாராம்.” மலக்கி காதில் போட்டுக்கொள்ளவில்லை; ஈமரிடம் இன்னொரு கடிதம் கேட்கவும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, கருஞ்சிவப்பாகப் பை நிறைவதைப் பார்ப்பார். நர்ஸ் இனிப்புத் தேநீர் கொடுப்பாள். வாரத்தில் அவர் கையை ஒருத்தர் தொடுவது அன்றைக்கு மட்டும்தான்.

ஒரே ஒரு மாற்றம் நடந்தது. அக்டோபரில் ஒருநாள் கன்செப்டா கடையில் டானிக் இருந்த தட்டு காலியாக இருந்தது. அங்கே பிஸ்கட் அடுக்கியிருந்தாள். ஸ்பெயின் பற்றி அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. “நான்தானே உனக்குக் குடுத்தேன்” என்று மட்டும் சொன்னாள். மலக்கி அவள் தபாலை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

கோவென்ட்ரியிலிருந்து ஒன்றும் வரவில்லை. பதிவுத் தபால் போய்ச் சேர்ந்தது என்று கையெழுத்து வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு காலையும் தபால் மூட்டை பிரிக்கும்போது இங்கிலாந்து முத்திரைகளை அவர் கண் தானாகப் பொறுக்கியது. அவள் சோதித்துக்கொண்டாளா? கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டாளா? மறுபடி கூப்பிடலாம் என்று நாலு தடவை உட்கார்ந்தார். தன் குரலைக் கேட்டால் அவள் சோதனைக்குப் போகிற எண்ணத்தையும் விட்டுவிடுவாளோ என்று பயந்து நாலு தடவையும் எழுந்துவிட்டார். தம்பியை இழந்ததுகூட அவருக்கு இப்போதுதான் நடந்த மாதிரி இருந்தது. துக்கம் கேட்க ஊரில் ஒருத்தர் இல்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அது வந்தது. கோவென்ட்ரி முத்திரை, உறைமேல் அவர் பெயர். முப்பத்தைந்து வருஷத்தில் மலக்கி தபால் நிலையத்தில் ஓர் உறையைக் கிழித்தது கிடையாது, யாருடையதாக இருந்தாலும். வீடு வரிசைப்படி அடுக்கினார். அவர் வீடு கடைசி, அதனால் அது கட்டின் அடியில் போனது. அன்றைக்கு நூற்றுப் பதினெட்டு வீடு. ஒரு வீட்டையும் அவர் விடவில்லை, ஒரு வீட்டிலும் வேகமாகப் போகவில்லை. கடைசியில் தன் வாசலில் வேனை நிறுத்தி இறங்கி, கதவில் உள்ள பொந்து வழியாகத் தன் தபாலைத் தானே உள்ளே போட்டார். பிறகு கதவைத் திறந்து குனிந்து எடுத்தார்.

உள்ளே இறந்தவர் நினைவாக அச்சடிக்கிற சின்ன அட்டை இருந்தது. கோல்மனின் படம், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு ஜெபம். படத்தில் அவன் அம்மா சாவுக்குப் போட்டு வந்த அதே கோட்டில் இருந்தான். அதே பழுப்பு முகம். காலரில் வட்டமாக, கறுப்பாக, சாயம் போகாத ஓர் இடம்.

அட்டையோடு ஒரு தாள்.

“பெரியப்பா,

எனக்கு இரண்டும் இருக்கிறது. ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது. ஈரலில் இன்னும் ஒன்றும் இல்லை, நல்ல நேரத்தில் தெரிந்தது என்று டாக்டர் சொன்னார். அம்மாவிடம் நீங்கள் அனுப்பிய டாக்டர் கடிதத்தைக் காட்டினேன். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அன்று முழுக்க வெளியே வரவில்லை. பேட்ஜை அப்பா கோட்டில் குத்தி வைத்திருக்கிறேன்.

என்னிடமும் வாரம் ஒரு பைண்ட் எடுக்கிறார்கள். எனக்குப் புதன்கிழமை. உங்களுக்கு என்றைக்கு?

ஃபினோலா.”

மலக்கி கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து அழுதார். “டேய் கோல்மன், என்னை மன்னிச்சிடுடா” என்று அட்டையைப் பார்த்துச் சொன்னார். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். நாளைக்குக் காலைத் தபாலில் போக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால், கேட்ட கேள்விக்கு முதலில் பதில் எழுதினார்.

எனக்கு வியாழக்கிழமைம்மா.